பிடி இல்லாத மண்

மண் ஓட்டக்களம் காய்ந்து வழுக்கத் தொடங்கியதும் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கார்ட் ஓட்டுகிறவர்கள் செய்யும் ஒரு காரியம் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. இருக்கையின் முதுகில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் ஈயக்கட்டிகளைக் கழற்றி, இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, மறுபடி இறுக்குகிறார்கள். சிலர் இருக்கையையே உயர்த்துகிறார்கள். பிடி குறைந்த தரையில் பாரத்தைத் தாழ்த்துவதுதான் முறை என்று நமக்குத் தோன்றும். பந்தயப் பொறியியலின் அடிப்படைப் பாடமும் அதைத்தான் சொல்கிறது. ஒரு டயரின் மேல் பாரம் இரட்டிப்பானால் அதன் பிடி இரட்டிப்பாவதில்லை, அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. 40 கிலோ பாரத்தில் 40 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் தாங்கும் டயர், 80 கிலோ ஏற்றினால் 72 தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இடம் வலம் இரண்டு டயரிலும் 40, 40 என்று பாரம் பிரிந்திருந்தால் மொத்தப் பிடி 80. வளைவில் பாரமெல்லாம் வெளிப்பக்க டயருக்கே போய்விட்டால் 72. எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகப்போக மொத்தத்தில் நட்டம்தான். ஈர்ப்பு மையம் உயர்ந்தால் அந்த நட்டம் கூடும். ஆக, ஏற்கெனவே பற்றாக்குறையாக இருக்கும் பிடியில் இன்னும் கொஞ்சத்தைத் தாங்களாகவே விட்டுக்கொடுக்கிறார்கள். ஆனால் கார்ட் திரும்புகிறது, சுற்று நேரமும் குறைகிறது. பாடமும் சரி, அவர்கள் செய்வதும் சரி என்றால் இரண்டுக்கும் நடுவில் இன்னும் ஏதோ இருக்க வேண்டும்.

கார்ட் என்பது குறைந்தபட்ச வண்டி. 1956இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸும் லூ பொரெல்லியும் முதல் கார்ட்டைக் கட்டியபோது கையில் இருந்தவை சில குழாய்களும், புல்வெட்டி எந்திரத்துக்கென்று செய்யப்பட்ட ஒரு வெஸ்ட் பெண்ட் என்ஜினும்தான். இங்கல்ஸ் பெரிய பந்தயக் கார்கள் கட்டும் குர்டிஸ் கிராஃப்ட் பட்டறையில் வேலை பார்த்தவர். எதைச் சேர்க்கலாம் என்று தெரிந்தவர் எதையும் சேர்க்காமல் விட்டதுதான் கார்ட்டின் பிறப்பு என்று எனக்குப் படும். இன்றுவரை கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, டிஃபரன்ஷியலும் கிடையாது. பின்னால் ஒரே ஆக்ஸில். இரண்டு பின்சக்கரங்களும் அதில் இறுகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உட்சக்கரம் குறைவாகப் போக வேண்டும். இரண்டும் ஒரே ஆக்ஸிலில் இருந்தால் ஏதாவது ஒன்று தரையில் இழுபட்டே ஆக வேண்டும். கோயம்புத்தூரில் நடப்பதுபோன்ற தார்த்தரைப் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வளைவில் கார்ட் தன் உட்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து மயிரிழை தூக்கிக்கொள்ளும். அப்படித்தான் இழுபறியிலிருந்து தப்பிக்கிறது. ஓவல் எனப்படும் நீள்வட்ட மண் களத்தில் எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால் வேறொரு வழி உண்டு. வலப் பின்டயரின் சுற்றளவைப் பெரிதாகவும் இடதைச் சிறிதாகவும் வைத்துவிடுகிறார்கள். இந்த வேறுபாட்டுக்கு ஸ்டாகர் என்று பெயர். வாயகன்ற டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டினால் அது நேராக ஓடாமல் வட்டமடிக்குமே, அதேபோல ஆக்ஸிலும் தானாக இடப்பக்கம் வட்டமடிக்கப் பார்க்கும். வலது டயர் 34.5 அங்குலம், இடது 33.5, இரண்டுக்கும் இடையகலம் 40 அங்குலம் என்றால் அந்த வட்டத்தின் ஆரம் 115 அடி. ஓட்டக்களத்தின் வளைவு அதைவிட இறுக்கமாக இருந்தால் பின்டயர்கள் இரண்டும் தங்களுக்குள் மல்லுக்கட்டும். அந்த மல்லுக்கட்டுக்கான விலையை முன்டயர்கள் கொடுக்கும். ஸ்டியரிங்கை எவ்வளவு வளைத்தாலும் மூக்கு நேராகப் போகும். 'புஷ்' என்பார்கள், 'டைட்' என்பார்கள். இங்கிருந்துதான் என் கேள்விக்குப் பதில் தொடங்குகிறது என்று நினைக்கிறேன், ஆனால் மண்ணைப் பார்க்காமல் அதற்குள் போக முடியாது.

கரோலினாக்களிலும் ஜார்ஜியாவிலும் மலையடிவாரத்து மண் செங்களிமண். இரும்பு ஆக்சைடு தந்த நிறம் அது. உள்ளே பெரும்பகுதி கயோலினைட். சாயங்காலம் தண்ணீர் லாரி சுற்றிப் போனபின் அந்த ஓட்டக்களத்தைத் தொட்டால் விரல் நுனியில் பசைபோல ஒட்டும். மூக்கில் மண்வாசனையும் என்ஜினிலிருந்து வரும் மெத்தனால் நெடியும் கலந்து ஏறும். அந்த ஈரத்தைக் காப்பதற்காகச் சில களங்களில் கால்சியம் குளோரைடும் தூவுகிறார்கள், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். முதல் சில ஓட்டங்களில் அந்த மண் டயரை விடாது. பிறகு காற்று, வெயிலின் மிச்சம், நூற்றுக்கணக்கான சுற்றுகள். ஈரம் போகிறது. மேற்பரப்பு சிமெண்டுத் தரைபோல இறுகிப் பளபளக்கிறது. அதன்மேல் பெயர்ந்த பொடி மாவுபோலப் படர்கிறது. இரவு விளக்குகளின் கீழ் அந்தப் பளபளப்பைத் தண்ணீர் என்று நினைத்துவிடலாம். களம் எப்போதும் வழுக்கலாகத்தான் முடியும் என்றும் சொல்ல முடியாது. சில களங்களில் டயரின் ரப்பர் தேய்ந்து தேய்ந்து மண்ணில் படிந்து ஒரு கறுப்புப் பாதை உருவாகும். அதில் பிடி தாரைப்போல ஏறிவிடும். அந்தக் கறுப்பின் ஓரத்திலிருந்து ஒரு முழம் வெளியே போனவர் பொடியில் மிதப்பார். ஒரே களம், ஒரே நேரம், ஒரு முழ தூரத்தில் இரண்டு உலகம். மண்ணின் இந்த மாறுதலை வெறும் இடைஞ்சலாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பந்தயத்தின் பொருளே அதுதான். தார்த்தரையில் போட்டி பெரும்பாலும் பிற ஓட்டுநர்களோடு. இங்கே மண்ணோடும் போட்டி, அதுவும் நேரத்துக்கு ஒரு குணம் காட்டும் மண்ணோடு.

இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்காக, கொட்டகைக்குள், அசையாத சமதளத்தில் நான்கு தராசுகளை வைத்துக் கார்ட்டை நிறுத்துகிறார்கள். ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்து, கையை ஸ்டியரிங்கில் வைத்து, நேராகப் பார்த்தபடி உட்கார வேண்டும். மொத்த எடையில் ஏறத்தாழ பாதி அவருடைய உடல்தான் என்பதால், அவர் பக்கத்திலிருப்பவரோடு பேசத் தலையைச் சாய்த்தாலே எண்கள் மாறிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பா எண்களை எழுதி முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும் சிறுவர்களைப் பார்த்திருக்கிறேன்; பந்தயத்தில்கூட அந்த முகங்களில் அவ்வளவு கவனம் இருக்காது. மொத்தம் 160 கிலோ, அதாவது 350 பவுண்டு அளவில் ஒரு கார்ட்டை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் 58 சதவீதம், மூக்கில் 43 சதவீதம், வலது முன்னும் இடது பின்னும் சேர்ந்த குறுக்கு எடை, அவர்கள் வெறுமனே 'கிராஸ்' என்று சொல்வது, 58 சதவீதம். கணக்குப் போட்டால் முன்சக்கரங்கள் இரண்டிலும் 34.4 கிலோ, இடது பின்னில் 58.4, வலது பின்னில் 32.8. கிராஸை 56க்குக் குறைத்தால் ஒவ்வொரு மூலையிலும் 1.6 கிலோ ஏறும் அல்லது இறங்கும். இடப்பக்கத்தின் மொத்தம் மாறாது, மூக்கின் மொத்தமும் மாறாது. ஒரு முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டில் அச்சில் வாஷரை இடம் மாற்றியதன் விளைவு அவ்வளவுதான். ஆனால் அந்த 1.6 கிலோவை ஓட்டுநர் வளைவின் வாசலிலேயே இடுப்பில் உணர்ந்துவிடுவார். புதிதாக எதுவும் வந்து சேரவில்லை, எதுவும் போகவும் இல்லை. சேஸிஸ் வேலை, அதாவது வண்டிச் சட்டத்தை அமைக்கும் வேலை, முழுவதும் இந்த ஒரே உண்மையின் மேல் நிற்கிறது. பிடியை யாரும் உற்பத்தி செய்வதில்லை. உள்ள எடையைப் பங்கு பிரிக்கிறார்கள். இடது பின்னில் கூட்டினால் இடது முன்னிலும் வலது பின்னிலும் குறைத்தாக வேண்டும்.

ஆனால் தராசு காட்டுவது நிற்கும் கார்ட்டின் பங்கீடு. ஓடும்போது வளைவு அந்தப் பங்கீட்டைக் கலைத்து வேறொன்றைச் செய்கிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில், சக்கரங்களின் இடையகலம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பிடியுள்ள ஈரமண்ணில் புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையில் திரும்பும்போது இடமிருந்து வலத்துக்கு 40 கிலோ பெயரும். இடப்பக்கத்தில் இருந்த 92.8 கிலோ 52.8 ஆகிவிடும். இடது பின்டயர் தளர்ந்து, ஆக்ஸில் விடுபட்டு, கார்ட் இலகுவாக வளையும். களம் காய்ந்துவிட்டது, அதே வளைவில் 0.6 பங்கு விசைதான் கிடைக்கிறது என்றால் பெயர்வது 24 கிலோ. இடப்பக்கத்தில் 68.8 கிலோ அப்படியே உட்கார்ந்திருக்கும். பின்டயர்கள் இரண்டும் தரையை அழுத்திக்கொண்டு அந்த 115 அடி வட்டத்தில்தான் போவேன் என்று அடம்பிடிக்கும், முன்டயர்களுக்கோ அதை எதிர்க்கச் சக்தியில்லை. வழுக்கும் மண்ணில் மூக்கு நேராகப் போவதற்குப் பிடி குறைந்தது பாதிக் காரணம்தான். பிடி குறைந்ததால் எடை பெயரவில்லை, எடை பெயராததால் சேஸிஸ் தன் வேலையைச் செய்யவில்லை. முதல் பத்தியில் போட்ட கணக்கு, டயர் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் உழைக்கிறது என்று எடுத்துக்கொண்ட கணக்கு. கார்ட்டில் அப்படி இல்லை. பின்டயர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி வீணடிப்பது, எடைப் பெயர்ச்சியால் வரும் அந்த நட்டத்தைவிடப் பெரிதாக இருக்க முடியும். எடையை மேலே ஏற்றுகிறவர் சிறிய நட்டத்தை ஏற்றுக்கொண்டு பெரிய விரயத்தை நிறுத்தப் பார்க்கிறார்.

இதைப் புரிந்துகொண்டதும் என் உறுத்தல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இடம் மாறிக்கொண்டது. ஈயத்தை ஏற்றி ஈர்ப்பு மையத்தை 3 சென்டிமீட்டர் உயர்த்துகிறோம். கார்ட்டில் அது சாதாரண மாற்றம் இல்லை, பெரிய மாற்றம். காய்ந்த களத்தில், 0.6 விசையில், கூடுதலாகப் பெயர்வது 3 கிலோகூட இல்லை. ஈரமான களத்தில் அதே மூன்று சென்டிமீட்டர் ஏறக்குறைய 5 கிலோவைப் பெயர்க்கும். உயரம் தரும் உதவி, ஏற்கெனவே இருக்கும் பிடியின் அளவுக்கே வருகிறது. அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் மிகக் குறைவாகக் கொடுக்கிறது. இதற்கு மாறாக, இருக்கையையும் ஈயத்தையும் சற்று வலப்பக்கம் நகர்த்தி இடப்பக்கச் சதவீதத்தை 58இலிருந்து 56க்குக் கொண்டுவந்தால் 3.2 கிலோ வலத்துக்குப் போய்விடும். அதற்கு மண்ணின் அனுமதி வேண்டியதில்லை. களம் எப்படி மாறினாலும் அந்த எடை அங்கேயே இருக்கும், நேர்ப்பாதையிலும்கூட. வளைவின் நடுவில் பார்த்தால் இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. வளைவுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அவை இரண்டும் வேறுவேறு வண்டிகள். உயரத்தால் வருவது விசையோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், நகர்த்தியதால் வருவது எப்போதும் உண்டு. பின்சக்கரங்களின் இடையகலத்தைக் குறுக்குவது மூன்றாவது வழி. அதுவும் உயரத்தைப்போலவே மண்ணின் தயவில்தான் வேலை செய்யும்.

அனுபவமுள்ளவர்கள் உயரத்தை விடுவதில்லை, அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களை நான் மதிக்கிறேன். பொடி படர்ந்த களத்தில் வலப்பக்க டயர்கள் அந்தப் பொடியைப் பிளந்துகொண்டு கீழிருக்கும் கெட்டியான மண்ணைத் தொட வேண்டும், அதற்கு அழுத்தம் வேண்டும். ஐந்து, ஆறு பவுண்டு காற்று மட்டுமே உள்ள மெத்தென்ற டயர் அது. பாரம் இல்லாவிட்டால் பொடியின் மேலேயே உருண்டுவிடும். ரப்பர் சூடேற வேண்டும் என்பது இன்னொன்று. வேலை செய்யாத டயர் சூடேறாது, சூடேறாத டயர் பிடிக்காது, பிடிக்காத டயருக்கு வேலையும் கிடைக்காது. இந்தச் சுழலை எங்காவது அறுக்க வேண்டும், உயரம் அதற்கு ஒரு கத்தி என்கிறார்கள். மழையில் தார்த்தரையில் ஓட்டுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்: இருக்கையை உயர்த்தி, பின்னகலத்தைக் குறுக்கி, முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான காஸ்டரைக் கூட்டுகிறார்கள். தொடர்பே இல்லாத இரண்டு பரப்புகளில் ஒரே மருந்து வேலை செய்கிறது என்றால் அதில் விஷயம் இருக்கிறது. ஆனாலும் உயரத்துக்கு ஒரு எல்லை உண்டு, அது சட்டென்று வரும். வலது டயர் தாங்கமாட்டாமல் மடியத் தொடங்கினால் என்ஜின் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சுருதி இறங்கும், வெளியேறும்போது கார்ட் இழுபடும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 206 போன்ற, தொழிற்சாலையிலேயே முத்திரை வைத்து வரும் என்ஜினில் ஒன்பது குதிரைத்திறன்கூட இல்லை. வளைவில் தொலைத்த வேகத்தை நேர்ப்பாதையில் மீட்க அதனால் முடியாது. முத்திரையை உடைக்கக் கூடாது என்பதால் என்ஜினுக்குள் கைவைக்கவும் வழியில்லை. சேஸிஸ் வேலையை இவ்வளவு நுணுக்கமாக ஆக்கியதில் அந்தச் சிறு முத்திரைக்குப் பங்குண்டு. சிறிய பந்தய வகுப்புகளுக்கு அது செய்த நன்மை பெரிது என்றே கருதுகிறேன்.

எனக்குச் சரியென்று படும் வரிசை வேறு. களம் காயும்போது முதலில் சேஸிஸை இளக்க வேண்டும். சஸ்பென்ஷன் இல்லாத கார்ட்டில் குழாய்ச் சட்டம்தான் ஸ்பிரிங். கண்ணாடியிழை இருக்கையும்கூட அந்த ஸ்பிரிங்கின் ஒரு பகுதி. அதைத் தாங்கும் கூடுதல் கம்பி ஒன்றைக் கழற்றினால் சட்டம் முறுகும் விதமே மாறிவிடும். பக்கவாட்டுக் காப்புக் கம்பிகளின் பூட்டை இறுக்குவதும் தளர்த்துவதும், ஆக்ஸில் சுவரின் தடிமனும் அப்படித்தான். விசை குறைந்த களத்தில் விறைப்பான சட்டம் மரக்கட்டையாகக் கிடக்கும். இளகிய சட்டம், கிடைத்த கொஞ்ச விசையிலும் முறுகிக்கொடுத்து இடது பின்சக்கரத்தை விடுவிக்கும். அடுத்தது ஸ்டாகர்: வளைவின் ஆரத்துக்கும் ஆக்ஸிலின் ஆரத்துக்கும் உள்ள பகையைக் குறைத்தால் விடுவிக்க வேண்டிய தேவையே பாதியாகும். அதன்பின் இடப்பக்கச் சதவீதம், அதன்பின் கிராஸ். உயரத்தைக் கடைசியாகத் தொடுவேன். இதற்கு மாறாகச் செய்து வெல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய களம் வேறாக இருக்கலாம். ஆனால் மண்ணின் தயவை எதிர்பார்க்கிற மாற்றத்தை, மண் தயவு காட்டாத நேரத்தில் முதல் ஆயுதமாக எடுப்பதை என் மனம் ஒப்பவில்லை.

இன்னொரு சிக்கல் காலம் சம்பந்தப்பட்டது. சேஸிஸை அமைப்பது சாயங்காலம், ஈரம் ஒட்டும் நேரத்தில். இறுதி ஓட்டம் இரவு. இன்னும் வந்து சேராத ஒரு களத்துக்காக இப்போதே திருக வேண்டும். பயிற்சியில் அருமையாகத் திரும்பும் கார்ட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு, இப்போது நன்றாக இருக்கிறது என்றால் இரவில் இருக்காது என்று. பழைய ஆட்களின் குறிப்பேடுகளைப் பார்த்தால் எண்களுக்கு முன்னால் மண்ணைப் பற்றிய வரிகள் இருக்கும்: எப்போது தண்ணீர் ஊற்றினார்கள், காற்று எந்தப் பக்கம், பொடி எந்த ஓரத்தில் சேர்ந்தது, எந்த வளைவு முதலில் பளபளத்தது. கிராஸ் எவ்வளவு என்பது அதற்குக் கீழே, சிறிய எழுத்தில். இன்றைக்கு எல்லோரிடமும் துல்லியமான தராசு இருக்கிறது. அந்த மேல்வரிகளை எழுதுகிறவர்கள் குறைந்துவருகிறார்களோ என்று எனக்கு ஐயம். எண்ணை மட்டும் கைமாற்றிக்கொள்வது எளிது, அது எந்த மண்ணில் பிறந்தது என்பதைச் சேர்த்துக் கொடுத்தால்தான் அடுத்தவருக்கு அது உதவும்.

மண்ணைப் படிக்கும் பொறுமை இல்லாத இடத்தில்தான் டயர் மருந்து நுழைகிறது. ரப்பரை மென்மையாக்கும் திரவங்களை டயருக்குள் ஊற்றி உருட்டி ஊறவைப்பார்கள், ஓட்டத்துக்குச் சற்று முன் வெளியேயும் பூசுவார்கள். ரப்பரின் கடினத்தைக் குத்துமானியால் அளந்து அளந்து இறக்குவது பல வாரங்களுக்கு நீளும் தனித் தொழில். அது வேலை செய்கிறது, மறுப்பதற்கில்லை. சில களங்கள் கறுப்பாகி இறுகுவதற்கே அந்தத் திரவங்களும் காரணம். சேஸிஸில் பங்கு மட்டுமே பிரிக்க முடியும் என்ற விதியைத் தாண்டி, வெளியிலிருந்து பிடியைக் கொண்டுவருகிற வழி அது என்பதால் அதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் சில கலவைகளில் டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் இருப்பதுண்டு. அவற்றின் ஆவி நரம்புகளுக்குக் கெடுதி, தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். கதவடைத்த வண்டிக்குள், வெறுங்கையால், பக்கத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைப் பூசுகிறவர்களைக் காணும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. கார்ட் வகுப்புகள் ஐந்து வயதிலேயே தொடங்கிவிடுகின்றன. ஆவிமானி வைத்துச் சோதித்து மருந்தைத் தடைசெய்யும் அமைப்புகள் இருக்கின்றன. எல்லா மண் களங்களும் குறைந்தது சிறுவர் வகுப்புகளிலாவது அதைச் செய்ய வேண்டும். அதுவரை, பிள்ளையைக் கார்ட்டில் உட்காரவைக்கும் தாய் தகப்பனுக்கு ஒரு வேண்டுகோள்: மருந்துப் புட்டியைக் கொட்டகைக்கு வெளியே வையுங்கள், கையுறை போடுங்கள், களம் காய்ந்த இரவில் மருந்தைத் தேடுவதற்கு முன் இருக்கையைத் தாங்கும் அந்தக் கூடுதல் கம்பியைக் கழற்றி ஐந்து சுற்று ஓடவிட்டுப் பாருங்கள்.